சோடா மூடியில் டீ குடித்த காவல்காரர்கள்

மழை பெய்தால், லாரிக்குக் கூடு கட்டுகிற எங்கள் பட்டறைத் தெருவில் முதலில் நனைவது பாதி கட்டி நிற்கிற லாரிகள்தான், வெயில் அடித்தால் முதலில் காய்வதும் அவைதான், அப்படி மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் நடுவாந்திரமாக இருந்த ஒரு காலையில், காதர் பாய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் சென்னியப்பன் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விட, அந்தக் கொட்டாவிக்குள்ளிருந்து சுண்டுவிரல் உயரத்தில் ஒரு காவல்காரர் இறங்கி வந்தார்.

அவர் பின்னால் இன்னொருத்தர், அந்த இன்னொருத்தர் பின்னால் ஒரு கூட்டம், அப்புறம் எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் பல் குத்துகிற குச்சியாட்டம் தடி, கழுத்தில் கடுகு அளவுக்கு விசில். ஒவ்வொருத்தராகச் சென்னியப்பன் தாடையைப் பிடித்துத் தொங்கி, சட்டைப் பொத்தான்கள் மேல் கால் வைத்து இறங்கி, பெஞ்சு ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். கொட்டாவி முடிந்தது என்று சென்னியப்பன் வாயை மூடினார். உள்ளே மாட்டிக்கொண்ட கடைசி ஆள் பல்லைத் தட்டினார். "அட, மன்னிச்சுக்குங்க" என்று மறுபடியும் திறந்துவிட்டார்.

காதர் பாய் டீ ஆற்றுகிற கையிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. காலையில் கடைக்கு வந்தவர்களை அவர் ஆளாகப் பார்ப்பதில்லை, டீயாகத்தான் பார்ப்பார்.

"எத்தனை டீங்க?"

"உங்க டம்ளரு எங்களுக்கு ஆகாதுங்களே" என்றார் முதலில் இறங்கியவர். மீசை நரைத்திருந்தது. அன்றைக்கே எங்கள் தெரு அவருக்கு ஏட்டய்யா என்று பேர் வைத்துவிட்டது.

பாய் பெஞ்சுக்கு அடியில் கிடந்த சோடா மூடிகளைப் பொறுக்கி, சுடுதண்ணீரில் அலசி, வரிசையாக வைத்து ஊற்றினார். "சர்க்கரை?"

"கம்மியாவே போடுங்க. நாங்க சர்க்கரையிலயே பொழங்குனவங்க."

"சரி, என்ன சோலியா வந்தீங்க?"

"சோலி இல்லாமத்தான் வந்தோமுங்க" என்றார் ஏட்டய்யா, மூடியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டு. "உள்ள காவலுக்கு நிக்கறோம், நிக்கறோம், மணியே அடிக்க மாட்டேங்குது. நின்னு நின்னு காலெல்லாம் மரத்துப் போச்சு. ஊட்டுக்காரரு கொட்டாவி விட்டாரு. சரி, சித்தெ நேரம் காத்தாட இருந்துட்டுப் போலாமுன்னு எறங்குனோம்."

"அதுக்கென்னங்க, இருங்க, இருங்க" என்றார் சென்னியப்பன், நகர்ந்து இடம் விட்டபடி. தன் வாயிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்துக்கூட நீங்கள் யார் என்று அவர் கேட்கவில்லை.

கேட்கவும் மாட்டார். அவர் வீட்டு வழக்கம் அப்படி. வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் செம்பு நிறையத் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின்னால் பாய் தலையணை, இதற்கு நடுவில் எங்கேயும் யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்க என்ற கேள்விக்கு இடமில்லை, ஒரம்பரை என்று விருந்தாக வந்தவரைக் கேள்வி கேட்பது அவர் மூஞ்சியில் அடித்த மாதிரி என்று சென்னியப்பனின் அப்பன் சொல்லிவிட்டுச் செத்திருந்தார். சென்னியப்பனுக்கும் பாவாயிக்கும் கல்யாணம் நடந்தபோது முறுக்கு மீசை வைத்த ஒருவர் வந்தார். வாழை மரம் கட்டினார், சமையல்காரரை அதட்டினார், பந்தியில் வேடிக்கைப் பேச்சாகப் பேசி எல்லாரையும் சிரிக்க வைத்தார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள், கல்யாணம் முடிந்தும் அவர் போகவில்லை, ஆடி நோம்பி வரைக்கும் இருந்து, ஓட்டைப் பிரித்து மேய்ந்து கொடுத்து, மாட்டுக்குப் பேர் வைத்து, ஒருநாள் கிளம்புகிறேன் என்றார். முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். பஸ் போன பிற்பாடுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டுக் கல்யாணப் போட்டோவில் நடுவில் நிற்பவர் அவர்தான், பேர் யாருக்கும் தெரியாது.

இதில் இன்னொரு வேடிக்கை, சென்னியப்பனுக்கு வேலையே லாரிக்குப் பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதுவது. பின்னால் வருகிறவன் சத்தம் கொடுத்துவிட்டு வரட்டும் என்று ஊர் ஊராகப் போகிற வண்டிக்கெல்லாம் எழுதி அனுப்பியவர், தன் வீட்டு வாசலை மட்டும் சத்தமில்லாமல் யார் வேண்டுமானாலும் தாண்டலாம் என்று விட்டுவைத்திருந்தார்.

காவல்காரர்கள் வந்த கதைக்கு வருகிறேன். முதல் நாள் எங்களுக்கு இருந்த ஒரே குறை, பெஞ்சில் உட்கார இடமில்லை என்பதுதான். இரண்டாம் நாள் அத்தாயி தகரத்தின் மேல் அரிசி வடகம் காயப் போட்டிருந்தாள். அத்தாயி சென்னியப்பனுக்குப் பக்கத்து வீடு, வாய்க்குப் பேர் போனவள். காக்கா வந்து இறங்க, எங்கிருந்தோ ஓடி வந்த காவல்காரர் இரண்டு பேர் கடுகு விசிலை ஊத, அவ்வளவு சின்ன ஆளிடம் அதுவரை திட்டு வாங்கியிராத அந்தக் காக்கா வெட்கப்பட்டுப் பறந்து போனது. "அட கெரகத்தே, இத்தனை நாளா நீங்கெல்லாம் எங்க சாமி இருந்தீங்க?" என்று அத்தாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து பிடித்தது. முட்டைக் கூடையில் கெட்ட முட்டை இருந்தால் அதன் மேல் ஏறி நின்று விசில் அடித்தார்கள். தக்காளிக்குள் புழு இருந்தால் தடியால் தட்டிக் காட்டினார்கள். பட்டறையில் ஆசாரி ஒருத்தர் காலில் சிராய் ஏறியபோது ஒரு கூட்டமே ஓடிப்போய்ச் சுற்றி நின்று, அந்த இடத்தைச் சிவக்கச் சிவக்க வீங்க வைத்து, சிராய் வெளியே வந்த பிறகுதான் கலைந்தது. நம்ம ஆள் எது, வெளி ஆள் எது என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். "மொகத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டு, ஆளைத் தேடிப் புடிக்கிற ஆபீசருங்க வேறீங்க, அவங்க மெதுவாத்தான் வருவாங்க" என்பார் ஏட்டய்யா. "நாங்க மொதல் காவல். மணி அடிச்சா ஓடுவோம், அவ்வளவுதான்." பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், அரிசிக் கிடங்கில் கேட்டார்கள், மேலத் தெருக்காரர்கள் ரெண்டே ரெண்டு பேரை மட்டும் ஒரு வாரம் அனுப்பச் சொல்லி ஆள் விட்டார்கள், நாங்கள் அனுப்பவில்லை. மாரியம்மன் நோம்பியில் சாமிக்கு முன்னால் இவர்கள்தான் போகவேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. முடிவு செய்த பிற்பாடு கமிட்டிக்காரர் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க, நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்று கேட்டார்.

"நாங்க எலும்புக்குள்ள பொறந்தவங்க. எல்லாரு எலும்புக்குள்ளயும் எங்க சனம் இருக்குது. உங்க எலும்புக்குள்ளயும்."

கமிட்டிக்காரர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் முழங்கால் எலும்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எல்லாருக்கும் ஆசை வந்தது. பட்டறையில் ஆள் ஆளுக்குக் கொட்டாவி விட்டுப் பார்த்தார்கள். அத்தாயி கண்ணாடிக்கு முன்னால் நின்று விட்ட கொட்டாவியில் ஒரு ஈ உள்ளே போனதுதான் மிச்சம். மற்றவர்களின் காவல்காரர்களுக்கு உள்ளே சோலி இருந்தது, அதனால் வரவில்லை, சென்னியப்பனின் ஆட்களுக்கு மட்டும் ஏன் சோலி இல்லை என்று யோசித்திருக்கலாம். வடகம் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது, நாங்கள் யோசிக்கவில்லை.

யோசித்தது பாவாயி ஒருத்திதான்.

பாவாயிக்கு அதிகம் பேச்சு கிடையாது, பார்வைதான். சென்னியப்பன் எழுதுகிற 'லி' முன்பெல்லாம் நிமிர்ந்து நிற்கும், இப்போது சாய்ந்து நிற்பதை அவள் பார்த்தாள். கறிக்குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொள்வதைப் பார்த்தாள். வேலை நடுவில் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வதைப் பார்த்தாள். "ஏனுங்க, டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போயிட்டு வரலாமுங்க" என்றால், "ஒண்ணுமில்லம்மிணி, வெயிலு" என்பார். வெயில் போய் மார்கழி வந்தது, அப்போதும் வெயில் என்றார். குழாயடியில் சொன்னாள், வயசாச்சு என்றார்கள். கோயிலில் சொன்னாள், பித்தம் என்றார்கள். அத்தாயி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள், குடித்தார், குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார், கொடுத்தது எதையும் நன்றாக இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. ஒருநாள் வெளிச்சத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தபோது கண் வெள்ளை, மஞ்சள் முடிந்து வைத்த துணி மாதிரி இருந்தது.

பாவாயி அடுப்பை அணைத்துவிட்டு நேராக டீக்கடைக்கு வந்தாள். அவள் டீக்கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சென்னியப்பனும் அங்கேதான் இருந்தார்.

"ஏட்டய்யா, உங்களை ஒண்ணு கேக்கோணும்."

ஏட்டய்யா மூடியைக் கீழே வைத்து எழுந்து நின்றார். "சொல்லுங்கம்மா."

"உள்ள திருடன் வந்தா என்ன ஆகும்?"

"மணி அடிக்குமுங்க. அக்கம்பக்கத்து அறையெல்லாம் கதவைச் சாத்திக்கும். நாங்க ஓடுவோம்."

"மணி அடிக்கலீன்னா?"

"திருடன் வரலீன்னு அர்த்தம்."

"மணி அறுந்து போச்சுன்னும் அர்த்தம் இருக்கலாமுங்களே" என்றாள் பாவாயி. "கடைசியா எப்ப போயிப் பாத்தீங்க?"

அடுப்பில் பால் பொங்கியது. பாய் அதை இறக்க மறந்தார். பாய் பாலைப் பொங்கவிட்டதை எங்கள் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

ஏட்டய்யா சட்டைப் பொத்தான்களில் ஏறினார். சென்னியப்பன் மரியாதையாக வாயைத் திறந்து "வாங்க" என்றார். காலையில் போனவர் மத்தியானம் பட்டறையில் சங்கு ஊதும்போதுதான் திரும்பி வந்தார். வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாய் மூடியை நிரப்பி வைத்தார், தொடவில்லை.

"வலது வெலாவுக்குக் கீழ பெரிய கெடங்கு ஒண்ணு இருக்குதுங்க" என்று ஆரம்பித்தார். "ஊட்டுக்கு வர்ற பண்டமெல்லாம் அங்க வந்துதான் சுத்தமாகிப் போகும். உள்ள அறை அறையா இருக்கும். அறைக்கு ஒரு ஆளு இருட்டுல உக்காந்து, வர்றது போறதையெல்லாம் கையால தடவிப் பாத்துக்கிட்டே இருப்பான். வெளி ஆளு கையில பட்டா கயித்தை இழுப்பான். கயிறு போயி மணியை அடிக்கும்."

"இழுக்கலையா அவன்?"

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கானுங்க" என்றார் ஏட்டய்யா. "எத்தனையோ வருசமா இழுத்துக்கிட்டே இருக்கான். கையெல்லாம் காச்சுப் போச்சு. ஏட்டய்யா, மணி அடிக்கிறேன், அடிக்கிறேன், நீங்க ஏன் வரமாட்டேங்கறீங்கன்னு என்னையக் கேக்கறான். கயித்தை நடுவுல கத்திரிச்சு வெச்சிருக்குதுங்க. ஒரு அறையில இல்லை, அறை அறையா. இந்தப் பக்கம் இழுக்கறவனுக்கு அறுந்தது தெரியலை, அந்தப் பக்கம் எங்களுக்கு இழுக்கறது தெரியலை."

"கத்திரிச்சவனைப் பாத்தீங்களா?" என்றார் பாய்.

"பாத்தேனுங்க. கையில கத்திரி. நம்ம ஊட்டுக் கொழுப்பையே எடுத்து மேலெல்லாம் பூசிக்கிட்டு, நம்ம ஊட்டு ஆளாட்டமே உக்காந்திருக்கான். அவனை அச்செடுத்த மாதிரி அறைக்கு அறை ஒருத்தன். செவுரெல்லாம் இறுகிக்கிட்டு வருது. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, வாங்க வாங்க, தண்ணி குடிக்கறீங்களான்னு கேட்டான்."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

ஏட்டய்யா தன் காலைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். பிறகு மறுபடி தன் காலைப் பார்த்தார்.

"குடிச்சுப் போட்டேனுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்த பிறகு யார் நீ என்று எப்படிக் கேட்பது? எந்த வீட்டில் வளர்ந்தாரோ அந்த வீட்டு வழக்கம்தானே அவருக்கும்.

சாயங்காலமே சுகாதார நிலையத்து ஸ்டெல்லா சிஸ்டர் வண்டியில் வந்து இறங்கினார். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவர், எதற்கும் அசர மாட்டார். சென்னியப்பன் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டே ஏட்டய்யா சொன்னதை எல்லாம் கேட்டார், ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார், முடிவு வந்த அன்றைக்கு மறுபடி வந்தார்.

"நெனச்ச ஆளுதான். மஞ்சக்காமாலைக் கிருமி அண்ணன் தம்பி அஞ்சு பேரு" என்றார். "ரெண்டு பேரு கெட்ட தண்ணியில வந்து ஆட்டம் போட்டுட்டுப் பெரும்பாலும் தானாவே போயிருவாங்க. மத்தவங்க ரத்தத்து வழியா வருவாங்க. அதுல ஒருத்தன் காலடிச் சத்தமே இல்லாம வந்து பெட்டியில ஒளிஞ்சுக்குவான், ஊரெல்லாம் வெறுஞ்சட்டையாக் காயப்போட்டு வெச்சுக் காவக்காரங்களை அது பின்னாலயே ஓட விடுவான். அவன் சட்டையப் போட்டுக்கிட்டு அவனை ஒட்டிக்கிட்டே வர்றவன் ஒருத்தன். உங்க ஊட்டுக்கு வந்திருக்கறவன் கத்திரிக்காரன்."

"எந்த வழியா வந்திருப்பான் சிஸ்டர்?" என்று பாவாயி கேட்டாள்.

சென்னியப்பன் வாலிபத்தில் லாரியோடு வடக்கே போனபோது ஓரிடத்தில் விபத்தாகி ரத்தம் ஏற்றினார்கள், ஓரிடத்தில் யார் யாருக்கோ போட்ட ஊசியில் காய்ச்சலுக்கு ஊசி போட்டார்கள், இன்னும் எத்தனையோ ஊரில் எத்தனையோ கத்தியில் சவரம் செய்துகொண்டார். எந்த வழியாக வந்தான் என்று வந்தவன் சொல்லவில்லை, கேட்டவரும் இல்லை.

"கத்திரியைப் புடுங்கவும் ஆளைக் கெளப்பவும் மாத்திரை இருக்குது" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார் சிஸ்டர். "கவர்மென்டுலயே தர்றாங்க. ஒரு நாளு விடாம நான் சொல்ற வரைக்கும் சாப்பிடோணும். சாப்பிட்டா அவன் போயிருவான்."

"சாப்பிடலைன்னா?"

"கெடங்கு கல்லாயிரும். அப்பறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை."

இங்கேதான் எங்கள் தெரு ஒரு காரியம் செய்தது. செய்தி பரவியதும் தேங்காய், பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு சென்னியப்பனைப் பார்க்கப் போனோம். நல்லாகணும் என்றோம், சீக்கிரம் எழுந்திருக்கணும் என்றோம், மனசாரத்தான் சொன்னோம். சொல்லி முடித்து எழுந்திருக்கும்போது அத்தாயி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, "நல்லாயிட்டீங்கன்னா ஏட்டய்யாவெல்லாம் உள்ள போயிருவாங்களாட்ட இருக்குதுங்களே மாமா... நோம்பி வரைக்குமாச்சும் இருந்தாங்கன்னா... வடகமும் இன்னும் ரெண்டு போடு பாக்கி இருக்குது..." என்று இழுத்தாள். மற்றவர்கள் அவளை முறைத்தோம். ஆனால் யாரும் அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

"அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றார் சென்னியப்பன்.

ஜனம் போன பிறகு மாத்திரை டப்பாவை எடுத்துச் சாமி மாடத்துக்குப் பின்னால் வைத்தார். பாவாயி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்க?"

"தெருச் சனம் ஆசைப்படறாங்க. அதும் போக, அவன் என்னதான் இருந்தாலும் நம்ம ஊட்டுக்குள்ள வந்து தண்ணி குடிச்சவன். சோறு போட்ட கையால மருந்து வெச்சு முடுக்கித் தொரத்தறதா அம்மிணி? எங்கப்பன் எந்த மொகத்துல என்னையப் பாப்பாரு?"

"உங்கப்பன் மொகத்தைப் பாக்கத்தான் போறீங்க, சீக்கிரமாவே" என்றாள் பாவாயி. அவ்வளவுதான் அவள் கத்தியது. மறுநாளும் டப்பா மாடத்துக்குப் பின்னால்தான் இருந்தது, அதற்கு மறுநாளும். அவள் டீக்கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நானும் இழுத்துக்கிட்டேதான் இருக்கேன் பாய்" என்றாள். "என்னோட கயிறும் எங்கியோ அறுந்து கெடக்குது."

காதர் பாய் அடுப்பை அணைத்தார். பெருநாளுக்குத் தவிர மூடாத கடையை மூடினார். ஏட்டய்யாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சென்னியப்பன் வீட்டுக்கு நடந்தார். சென்னியப்பன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "வாங்க பாய்" என்றார், தானே தள்ளாடிப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

பாய் செம்பை வாங்கினார். குடிக்காமல் தரையில் வைத்தார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

"தண்ணியை அப்பறம் குடிக்கறேனுங்கண்ணா. நான் யாரு?"

"என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க?"

"சொல்லுங்க. எங்கப்பன் பேரென்ன? எனக்கு எந்த ஊரு? நான் எதுக்கு இந்தத் தெருவுக்கு வந்தேன்?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். கொட்டாவிகூட வரவில்லை.

"உங்க ஊட்டுத் தண்ணியை மொதமொதல்ல குடிச்சப்ப எனக்கு மீசை மொளைக்கலை. இப்பத் தாடியே நரைச்சுப் போச்சு. ஒரு நாளு கேட்டீங்களா? கேட்டா நான் கோவிச்சுக்குவேன்னு நெனச்சீங்க. நான் பதிலைக் கையில வெச்சுக்கிட்டு, இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு உக்காந்திருந்தேனுங்கண்ணா. ஒரு நோம்பிக்குக் கேப்பீங்க, எங்கம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணுனப்பவாச்சும் கேப்பீங்கன்னு நெனச்சேன். பந்திக்குப் பந்தி கறி போட்டீங்க. கேக்கலை." பாய் தரையிலிருந்த செம்பைக் காட்டினார். "கேக்காத ஊட்டுல திருடனும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான்."

பையிலிருந்த ஏட்டய்யா தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். கல்யாணப் போட்டோவில் முறுக்கு மீசைக்காரர் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவரை ஒரு தடவை பார்த்தார், பாயை ஒரு தடவை பார்த்தார், லாரிக்குப் பின்னால் முதல் எழுத்தை வைக்கிறவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"பாய்... உங்கப்பன் பேரென்னங்க?"

"தாவூது" என்றார் பாய். "அரவக்குறிச்சிச் சந்தையில மாட்டுக்கு லாடம் அடிச்சாரு. மாடு போயி லாரி வந்துது. லாரி எங்க செய்யறாங்களோ அங்க போயிப் பொழைச்சுக்கடான்னு என்னைய அனுப்புனாரு. அவரு லாடம் அடிச்சா மாடு காலை ஒதறாது, தெரியுங்களா?" சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது, பாவாயி அடுப்படியில் நின்று கேட்டாள், ஏட்டய்யா பையின் ஓரத்தில் கை ஊன்றிக் கேட்டார், ஓர் ஆளின் முப்பாட்டன் வரைக்கும் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பாய் செம்பை எடுத்துப் பாதித் தண்ணீரைக் குடித்தார். மீதித் தண்ணீரைச் சென்னியப்பன் வாங்கி, மாடத்துக்குப் பின்னாலிருந்த டப்பாவைப் பாவாயி எடுத்துக் கொடுக்க, மாத்திரையை விழுங்கினார். விழுங்கிவிட்டு வலது விலாவில் கை வைத்துக் குனிந்து கேட்டார்.

"நீங்க யாருங்க?"

உள்ளிருந்து பதில் வரவில்லை.

"நல்ல ஆளா இருந்திருந்தா பேரைச் சொல்லியிருப்பான்" என்றார் பாய்.

அப்புறம் ஒரு நாளும் மாத்திரை விடவில்லை. ஏட்டய்யா அவ்வப்போது உள்ளே போய்வந்து டீக்கடையில் சேதி சொல்வார், கத்திரி மழுங்குது என்பார், புதுசா ஆளு பெருகலை என்பார், கயிறு ஒரு புரி சேந்திருக்குது என்பார், ரேடியோவில் தேர்தல் முடிவு கேட்பது மாதிரி தெருவே கேட்கும். அத்தாயி யாரும் சொல்லாமலே வடகத்துக்கு ஒரு கறுப்புத் துணியைக் கொம்பில் கட்டி வைத்தாள். கேட்டதற்கு, "பழகிக்கோணுமல்லோ" என்றாள்.

ஒரு முற்பகலில் சென்னியப்பன் பட்டறையில் லாரிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 'ஒலி' வரைக்கும் எழுதியிருந்தார், 'லி' நிமிர்ந்து நின்றது. அப்போது அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு மணி அடித்தது. ஆட்டுக்குட்டிக் கழுத்து மணி மாதிரி சின்னச் சத்தம்தான், ஆனால் பட்டறையில் சுத்தியல் நின்றது, தெருவில் சைக்கிள் நின்றது, அத்தாயி வீட்டில் அம்மி நின்றது. அந்த ஒரு மணியைத் தொட்டு இன்னொரு மணி, அதைத் தொட்டு இன்னொன்று, அறை அறையாக, கை காய்த்துப் போன அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தது, தேர் கிளம்புகிற மாதிரி அந்த மனுசன் நெஞ்சுக்கூட்டுக்குள் மணியாக அடித்தது.

காவல்காரர்கள் மூடிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முட்டைக் கூடையிலிருந்து ஓடினார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினார்கள், தகரத்திலிருந்து குதித்து ஓடினார்கள், சட்டைப் பொத்தான்களில் ஒருத்தர் தோள் மேல் ஒருத்தர் ஏறினார்கள், சென்னியப்பன் தலையை அண்ணாந்து வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டார், அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. கடைசியாக ஏட்டய்யா. தாடை வரைக்கும் ஏறியவர் திரும்பிக் கடையைப் பார்த்துக் கூவினார்.

"பாய்! டீ பாதி இருக்குதுங்க!"

"ஆறட்டும் போங்க! நாளைக்குச் சுட வெச்சுத் தாறேன்!"

விசில் ஊதிக்கொண்டே உள்ளே போனார். சென்னியப்பன் வாயை மூடினார். இந்தத் தடவை பல்லை யாரும் தட்டவில்லை.

மாத்திரை முடிந்து, அதற்கப்புறமும் கொஞ்ச காலம் விட்டு, ஸ்டெல்லா சிஸ்டர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார். "ஆளு போயிட்டான்" என்றார். "ஆனா ஒருக்கா வந்து போனவன் மறுபடி வரமாட்டான்னு இல்லை. அடுத்தவங்க பிளேடு வேண்டாம், பழைய ஊசி வேண்டாம். பழுது பாத்த கெடங்கு, அப்பப்ப வந்து காட்டோணும். கேட்டுக்கிட்டே இருக்கோணும்." அந்த வருசம் நோம்பியில் சாமிக்கு முன்னால் யாரும் போகவில்லை, வடகத்தில் காக்கா தன் பங்கை எடுத்துக்கொண்டது, பாய் கடைப் பலகையில் சோடா மூடிகள் இன்னும் கவிழ்த்து வைத்தபடி இருக்கின்றன. சென்னியப்பன் காலையில் டீ குடிக்கும்போது கடைசி வாய் மட்டும் கொஞ்சம் சர்க்கரை கம்மியாகக் கேட்பார், யாருக்கென்று பாய் கேட்டதில்லை, அதைக் கேட்க வேண்டியதில்லை.

போன வாரம் அவர் வீட்டு வாசலுக்கு ஒருத்தர் வந்தார். வெளியூர் முகம், கையில் பை, வெயிலில் நடந்த களைப்பு. பாவாயி செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, ஆசையாகக் கேட்டார்.

"நீங்க யாருங்க? எந்த ஊரு?"

அந்த மனுசர் முகம் மலர்ந்துவிட்டது. ஊரைச் சொன்னார், அப்பன் பேரைச் சொன்னார், பட்டறையில் வேலை தேடி வந்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ கடுகு உடைந்த மாதிரி சின்னதாக ஒரு விசில் கேட்டது, ஆபத்து விசில் இல்லை, எல்லாம் சரி என்று காவல்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் ஊதிக்கொள்கிற விசில். வந்தவர் திகைத்து அக்கம்பக்கம் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் சென்னியப்பன், விலாவைத் தடவிக்கொடுத்துக்கொண்டே. "ஊட்டு ஆளுங்கதான். நீங்க சொல்லுங்க."